கோடு போடும் பெட்டியும் கோபக்காரப் பத்மாசனியும்

"ஐயோ, என்ரை குடை!"

பத்மாசனி கத்தி முடிப்பதற்குள் குடை கைமாறிவிட்டது. கிளிநொச்சித் தபாற்கந்தோர் வாசலில், கொட்டுகிற கார்த்திகை மழையில், முன்பின் தெரியாத ஒருவன் அதைப் பறித்து... தன் தலைக்குப் பிடித்திருந்தாலாவது போகட்டும், மரப்பெட்டி ஒன்றுக்குப் பிடித்துக்கொண்டு நின்றான்!

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ... பெட்டி நனையக்கூடாது."

"அப்ப நான் நனையலாமோ?"

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். மழைநீர் சொட்டும் இமைகள்... அவற்றுக்குள்ளே எரிந்துகொண்டிருந்த இரண்டு கண்கள்... சொல்ல வந்தது அத்தனையும் அவனுக்கு மறந்துபோனது.

"நீங்கள்... காய்ஞ்சிடுவியள்," என்றான்.

இதைவிடப் புத்தியான ஒரு வார்த்தை அந்த நேரத்தில் அவனுக்குக் கிடைக்கவில்லை, பாவம்!

உள்ளே போனபிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. பெயர் கதிர்காமநாதன். வவுனியாவிலிருந்து வந்திருக்கும் தந்திப் பகுதி மெக்கானிக். பெட்டிக்குள்ளே வால்வுகளும் கம்பிச் சுருள்களும் மை தோய்த்த ஒரு பேனா முனையும் இருந்தன.

பத்மாசனி அந்தக் கந்தோரில் தந்தி வாங்கும் கிளாக்கர். வவுனியாவிலிருந்து காட்டுக்குள்ளால் வருகிற கம்பி மழையில் நனைந்தால் மின்சாரம் கசியும். மின்னினால் இரைச்சல் வேறு. வருகிற சத்தம் கூடும், குறையும், நடுங்கும்... அந்தக் குழப்பத்துக்குள்ளே புள்ளி எது, கோடு எது என்று காதால் பிரித்தெடுத்து எழுதுவதுதான் அவளுடைய உத்தியோகம். இனி அதைப் பெட்டியே செய்யுமாம். குறித்த அளவுக்கு மேலே மின்சாரம் வந்தால் 'இருக்கு' என்று கடதாசி நாடாவில் கோடு போடும். குறைந்தால் 'இல்லை' என்று வெறுமையாக விடும். நடுவே ஒன்றும் கிடையாது.

"வெள்ளிக்கிழமை சோதினை," என்றார் போஸ்ட்மாஸ்டர் சிற்றம்பலம். "பெட்டி பாஸ் பண்ணினால் கந்தோரிலை ஒரு ஆள் மிச்சம், பிள்ளை. மிச்ச ஆளைப் பதுளைக்கு மாத்தப்போகினமாம்."

வட்டக்கச்சியில் வயல் செய்கிற பத்மாசனியின் தகப்பன் அப்புத்துரை அன்று பின்னேரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பதுளைக்கோ? பொம்பிளைப்பிள்ளையைத் தனிய விடமாட்டன். வேலையை விட்டிட்டு வீட்டை இரு."

படித்து, சோதினை எடுத்து, தானே தேடிக்கொண்ட வேலை! நேற்று வந்த ஒரு பெட்டிக்காக விடுவதா? அவளுக்குப் பெட்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் பெட்டிக்காரனை...?

அங்கேதான் குழப்பம். அவன் காலையில் ஒரு வார்த்தை பேசாமல் அவளுடைய மேசையில் பிளேன்ரீ கொண்டுவந்து வைப்பான். உடனே எதற்காவது சண்டை பிடிப்பான். "மிஸ் அப்புத்துரை, தந்திச் சாவியைத் தொடாதேங்கோ! மிஸ் அப்புத்துரை, இருக்கிற கதிரையை ஆட்டாதேங்கோ!" அவள் முறைத்தால் சிரிப்பான். அவள் சிரித்தால் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். மின்னலுக்குள்ளே புள்ளியைப் பிடிக்கிற பத்மாசனிக்கு, ஒரு மனுசனுடைய பார்வையில் விருப்பம் இருக்கிறதா, இல்லையா என்று பிடிபடவில்லை. கடவுளே, எனக்கென்ன விசரா... என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் மழை வெளுத்து வாங்கியது. பெட்டிக்குப் பேய் பிடித்ததுபோல ஆனது. டிக்டிக்டிக்... பேனா முனை நடுங்கி, ஒரு கோடு போடவேண்டிய இடத்தில் ஒன்பது துண்டு போட்டது. கதிர்காமநாதன் அளவைக் கூட்டினான். மெலிந்த புள்ளிகள் காணாமற்போயின. குறைத்தான். மின்னலெல்லாம் கோடாக விழுந்தது. சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்காமலே தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டான்.

பேசாமல் இரடி, என்றது பத்மாசனியின் மனம். இப்படியே போனால் வெள்ளிக்கிழமை பெட்டி தோற்கும். வேலை தப்பும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்...

இரண்டு நிமிடம் இருந்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"ஒரே அளவை வைச்சுக்கொண்டு ரெண்டையும் பார்க்கிறியள். நான் அப்பிடிக் கேட்கிறேல்லை."

"பின்னை?"

"'இருக்கு' எண்டு ஒருக்கா முடிவெடுத்தால், கொஞ்சம் குறைஞ்சாலும் விடமாட்டன். நல்லாய்க் குறைஞ்சால்தான் 'இல்லை'. 'இல்லை' எண்டு முடிவெடுத்தாலும் அப்பிடித்தான். நல்லாய்க் கூடினால்தான் திருப்பி 'இருக்கு' எண்டுவன். நடுவிலை ஆடுற ஆட்டத்துக்கெல்லாம் நான் மனம் மாத்திறேல்லை."

அவன் வாயைப் பிளந்தான். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு! பாய்ந்து பெட்டியைத் திறந்தான். ஒரு கம்பியை வெட்டினான், ஈயம் உருக்கி இன்னோர் இடத்தில் ஒட்டினான். வெளியே மழை இரைந்துகொண்டே இருந்தது. பேனாவின் நடுக்கம் நின்றது. நாடாவில் புள்ளியும் கோடும் துப்புரவாக விழுந்தன.

"சரிவந்திட்டுது!" என்று துள்ளியவன், சட்டென்று அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துவிட்டான்... சுட்டதுபோல விட்டான். அவனுடைய முகம் அப்படியே வாடிப்போனது.

"பதுளை..." என்றான். "தெரிஞ்சுகொண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"பிழையாய் எழுதுறதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. விசர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ." அவள் எழுந்து பின்பக்கம் போய், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு இரண்டு நாள் அவன் அவளுடன் கதைக்கவேயில்லை. பிளேன்ரீயும் இல்லை, சண்டையும் இல்லை. காரியம் முடிந்தது, இனி நான் எதற்கு... என்று அவள் குமைந்தாள். வெள்ளிக்கிழமை பெட்டி பாஸ் பண்ணியது. அவன் பெட்டியைக்கூடத் திரும்பிப் பாராமல் ரயில் ஸ்ரேசனுக்குப் புறப்பட்டுப் போய்விட்டான்.

"பிள்ளை, ஒரு புதினம்," என்று கடிதத்துடன் வந்தார் சிற்றம்பலம். "கதிர்காமநாதன்ரை ரிப்போட்டிலை உன்ரை பேரும் கிடக்குது. உன்னை வவுனியாவுக்கு மாத்தச் சொல்லி எழுதியிருக்கிறான்."

பத்மாசனி சைக்கிளை எடுத்தாள். தூறலில் நனைந்து, மூச்சிரைக்க ஸ்ரேசனுக்குள் நுழைந்தாள். அவன் வாங்குப் பலகையில் தனியே இருந்தான்.

"என்னைக் கேளாமல் என்னை மாத்திறதுக்கு நீங்கள் ஆர்?"

அவன் பதறி எழுந்தான். "இனி ஒவ்வொரு கந்தோருக்கும் பெட்டி வரும். ஒவ்வொரு கம்பிக்கும் அந்த ரெண்டு அளவையும் பிடிக்க ஒரு காது வேணும். அது என்னட்டை இல்லை, உங்களிட்டைத்தான் இருக்கு. வவுனியாவிலை உங்கடை பெரியம்மா இருக்கிறா எண்டு போஸ்ட்மாஸ்டர் சொன்னவர். அவாவோடை நிண்டால் உங்கடை ஐயா வேலையை விடச் சொல்லமாட்டார்தானே..."

வேலை தப்பிவிட்டது! அது புரியவே அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. ஆனால் கோபம் மட்டும் அடங்கவில்லை.

"இதைச் சொல்லுறதுக்கு என்ன? ஏன் ரெண்டு நாளாய் வாய் திறக்கேல்லை?"

"இதைச் சொல்ல வெளிக்கிட்டால்... மற்றதும் வந்திடும்."

"எந்த மற்றது?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். "நீங்கள் எனக்குச் சொல்லித்தந்து உங்கடை வேலையை இழக்கப் பார்த்தனீங்கள். அதுக்குப் பிறகு பிடிச்சிருக்கு எண்டு சொன்னால், நன்றிக்குச் சொல்லுறான் எண்டு நினைப்பியள். நான் அதுக்கு முந்தியே... முதல் நாளே... எப்பிடிச் சொல்லுறது, மிஸ் அப்புத்துரை..."

"வடிவாய்ச் சொல்லுங்கோ!"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கலியாணம் கட்ட விருப்பம்."

மழை பலத்தது. பத்மாசனியின் கண்கள் நிறைந்தன.

"ஞாயிற்றுக்கிழமை வட்டக்கச்சிக்கு வாங்கோ. ஐயா வீட்டிலைதான் நிப்பார். உங்கடை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, தனிய வந்தால் நீங்கள் உளறுவியள்."

அவன் மலங்க மலங்க விழித்தான். "அப்ப... உங்களுக்கும்...?"

"ஓம்!" என்றாள் அவள், அழுகையும் ஆத்திரமுமாக. "ஐயா மாட்டன் எண்டு சொன்னாலும் ஓம்தான்!"

சொன்னபிறகுதான் அவளுக்கு வெட்கம் வந்தது.