டிக்கியில் கிடந்த பலகை

விஸ்கான்சின் மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. ஆனிகாவின் கார் ரோட்டோரப் பள்ளத்தில் சாய்ந்து கிடக்க, டிரக்கை நிறுத்தி ஒருவன் இறங்கினான். அவன் இமைகளில் மழைத்துளி தங்கி நின்றது... இப்படிப் பார்த்தால் எப்படிப் பேசுவதாம்?

"எல்டன். அந்த மேட்டுப் பண்ணை நம்மளுதுதான்."

மேட்டுப் பண்ணையா... அவள் பார்வை கார் டிக்கிப் பக்கம் ஓடியது.

அவள் கோட்டிலிருந்த தேர்தல் பேட்ஜைப் பார்த்துச் சிரித்தான். "லிபரலா? அரசாங்கம் வந்து தூக்கிவிடும்னு நின்னுட்டிருந்தீங்களா?"

"உங்க கன்சர்வேடிவ் ஆளுங்க வரியைக் குறைக்காம இருந்தா, இந்த ரோடு ஒழுங்கா இருந்திருக்கும். நான் விழுந்தே இருக்க மாட்டேன்."

"ரோடு எப்படியோ போகட்டும், கைகொடுக்க அக்கம்பக்கத்துல மனுஷங்க இருக்கோமே."

"யாருமே இல்லாத இடத்துல விழுந்தவ என்ன செய்வா?"

அவன் மழையிலேயே நின்று யோசித்தான். "நீங்க கேக்கறது நியாயந்தான்..."

கேலி பண்ணாமல் யோசிக்கிறானே! அங்கேதான் அவள் மனசு நழுவியது.

"இழுக்குற கொக்கி டிக்கியிலதானே இருக்கும்?" என்றபடி திறந்துவிட்டான்.

உள்ளே, அவன் பண்ணை வாசலில் நின்ற தேர்தல் பலகை. 'குறைந்த வரி, நல்ல அக்கம்பக்கம்' என்று கையால் எழுதியது. முந்தின நாள் அதைப் பிடுங்கிப் போட்டவள் அவள்தான்.

"எங்கம்மா எழுதினது," என்றான். காரை இழுத்துவிட்டு, பலகையைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

பேச்சுரிமை என்று மேடையில் முழங்கிய வாய்தானே இது? கூனிக் குறுகிப் போனாள். ஆனாலும் அந்தக் கட்சிக்காரனிடமா போய் மன்னிப்புக் கேட்பது? வீம்பு ஞாயிறுவரைதான் தாங்கியது.

சர்ச் விட்டு ஊரே திரும்பும் நேரம். அவன் வாசலில் பலகையை நட்டு, சுத்தியலால் அடித்தாள். அவள் கட்சிக்காரர்களே காரை மெதுவாக்கிப் பார்த்தார்கள். முகம் எரிந்தது. எரியட்டும்.

எல்டன் வந்து நின்றான்.

"நான்தான் பிடுங்கினேன். வெக்கமா இருக்கு. உங்கம்மாகிட்டயும் சொல்லணும்."

"அம்மா இப்ப இல்ல. அவங்க எழுத்துன்னுதான் ஒவ்வொரு தேர்தலுக்கும் இதையே நடுறேன்."

சுத்தியல் அவள் கையிலிருந்து விழுந்தது. அழுகையை அடக்க முடியவில்லை.

"என் ஓட்டு இதுக்கு இல்ல," என்றாள் தேம்பலோடு. "ஆனா... அன்னிக்கு மழையில யோசிச்சிட்டு நின்னீங்களே, அப்பவே உங்களப் பிடிச்சுப்போச்சு. இதையெல்லாம் செஞ்சுட்டு இப்படிச் சொல்றதுக்கும் வெக்கமாத்தான் இருக்கு."

அவன் குனிந்து சுத்தியலை எடுத்து அவள் கையிலேயே வைத்தான்.

"பலகை இன்னும் ஆடுது... நீங்க அடிங்க. நான் பிடிச்சுக்கறேன்."