பிறவித்தோலில் ஒரு கரும்புள்ளி

செவ்வாய்க் குடியிருப்பில் தீபாவளிக்குப் புதுத்துணியோடு புதுத்தோலும் எடுப்பார்கள். அங்குள்ள கதிர்வீச்சில் பிறவித்தோல் சீக்கிரமே நைந்துவிடுவதால், ஆலையில் நெய்த ‘நெய்தோல்’தான் எல்லோருக்கும். எல்லோருக்கும் என்றால், பிறவித்தோலார் சங்கத்தைத் தவிர. அவர்கள் ஈயக்கூரைக்கு அடியிலேயே காலம் தள்ளிக்கொண்டு, தாய் தந்த தோல் என்று மார்தட்டுவார்கள். தலைவர் தாண்டவமூர்த்தி கொஞ்சம் உரக்கவே தட்டுவார்.

பூமியிலிருந்து அவர் வரவழைத்த வேட்டைநாயின் காதுமடலில் உண்ணிகளும் பயணச்சீட்டில்லாமல் வந்திறங்கின. நெய்தோலில் ரத்தம் ஓடாது. எனவே ஒன்று தலைவரின் தொடையைத் தேர்ந்தெடுத்தது. கடித்த இடத்தில் பீடி சுட்டாற்போல் கருத்த பொருக்கு. பிறகு கடுங்காய்ச்சல், உள்ளங்கையெல்லாம் செம்புள்ளி.

“உண்ணிக் காய்ச்சல் அண்ணாச்சி,” என்றாள் டாக்டர் பவுலின். “இப்பவே டாக்சிசைக்ளின் மாத்திரையப் போடுங்க. தள்ளிப்போட்டா விரலுக்கு ரத்தம் போகாம கருத்து அழுகிரும்.”

“பிறவித்தோலுக்கு நோயா? ஆண்டு விழா மேடையில நான் என்னத்தச் சொல்ல?”

“என்னத்தையும் சொல்லுங்க. பத்து விரலோட சொல்லுங்க.”

அவர் கையுறை மாட்டிக்கொண்டு மேடையேறினார். “நம் தோலை எதுவும் துளைக்காது!” என்று முழங்கியபடியே சரிந்தார்.

பவுலின் உயிரைக் காப்பாற்றினாள். இடக்கையின் இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. அங்கே நெய்தோல் விரல்கள் பொருத்தினாள்.

“வெளிய தெரிஞ்சா சங்கத்துலருந்து தூக்கிருவானுவ தாயி,” என்று கண்கலங்கினார். அந்த நேரம் பார்த்துச் செயற்குழு உள்ளே வந்தது. செயலாளர் ஆவுடையப்பன் விரல்களைப் பார்த்தார். முகம் சுளித்தது. போர்வையை விலக்கித் தொடையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஏ, உண்ணி கடிச்சிருக்குய்யா! நெய்தோலக் கடிக்குமா அது? விரல் கிடக்கட்டும், அசலுக்கு இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?”

மறுநாள் நாய்க்கு மருந்துக் குளியல் போடப் போன பவுலின், தலைவர் வீட்டு வாசலில் மறிக்கப்பட்டாள். வேட்டியை மடித்துக் கட்டி வரிசையில் நின்றது மொத்தச் சங்கமும்.

“அண்ணாச்சி, எனக்கு ஒரே ஒரு கடி!”

“உண்ணி மேல கை வச்சீங்க, நடக்கிறதே வேற டாக்டரம்மா!”

‘உண்ணி கண்ட உத்தமர்’ என்ற பதாகையின் கீழே தாண்டவமூர்த்தி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பூமியில் இருந்தவரை வெளுப்பதற்காக முகத்தில் களிம்பு அப்பிய வம்சம், இங்கே கருப்பதற்காகத் தொடையை நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில், கரும்புள்ளி வைத்தே நெய்த தோலுக்கு முன்பதிவு தொடங்கியிருந்தது.