நுனி பார்த்த திசை

விறகு எடுக்கக் கதவைத் திறந்த லாம்பெர்ட்டின் காலடியில், வாசற்படிக்குக் கீழே புதிதாய் விழுந்திருந்த பனியின் மேல், ஒரு தேவதாருக் கிளை கிடந்தது. முழ நீளம்கூட இருக்காது. காற்றில் விழுந்ததென்று எட்டி உதைத்துவிட்டுப் போயிருப்பார், ஆனால் காற்றுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதே. கிளையின் அடியில் பட்டையைச் சீவி வெள்ளையாக்கியிருந்தது. குறுக்கே இன்னொரு சின்னக் கிளை. நுனி அவருடைய வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்டைரியா மாகாணத்தின் அந்த மலைப்பக்கத்து வேட்டைக்காரர்களுக்கு எழுத்து வேண்டாம், கிளை போதும். காயம்பட்ட மான் ஓடிய தடத்தில் இப்படி ஒன்றைப் போட்டுவைத்தால் பின்னால் வருகிறவர் படித்துக்கொள்வார். கிளையின் அடிப்பக்கம் மான் ஓடிய திசையைப் பார்த்தால் ஓடியது ஆண், நுனி பார்த்தால் பெண். வருஷா வருஷம் புது ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, பரீட்சையும் வைத்து, தப்பாகச் சொன்னவனை எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்புகிறவரே லாம்பெர்ட்தான். பள்ளத்தாக்கு முழுக்க அவருக்குப் பெயர் வாத்தியார். ஆகவே படிக்க அவருக்கு நேரமே பிடிக்கவில்லை. அடிபட்டது பெண். இந்த வீட்டுக்குள் போயிருக்கிறது.

படியைச் சுற்றிப் பனியில் ஒரு காலடிகூட இல்லை.

"புர்கி வேலைதான் இது, அவளுக்குத்தான் இந்த மாதிரி விளையாட்டெல்லாம்," என்று வாய்விட்டுச் சொன்னார். கிளையைப் பொறுக்கி அடுப்பில் எறிந்தார். பச்சைக் கிளை சீறிப் புகைந்தது. பக்கத்து அடுப்பில் ஈரல் உருண்டை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் ஸென்ஸி கிராட்ஸ் நகரத்திலிருந்து காரில் வந்துகொண்டிருந்தாள். மனைவி போன பிறகு அவருக்கு என்று இருப்பது அவள் ஒருத்திதான். அவள் வருகிற அன்று வீட்டில் ஈரல் உருண்டை இல்லாமல் இருந்ததே கிடையாது.

மரியாதை, மரியாதை என்று அடித்துக்கொள்கிற மனுஷன் முந்தின நாள் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் காட்டோரத்து வேட்டைப் பரணில் உட்கார்ந்திருந்தார். புல்வெளிக்கு ஒரு பெண்மான் வந்தது, பின்னாலேயே அதன் குட்டி. முதலில் குட்டி, பிறகு தாய். அந்த ஊர் வேட்டையில் இதற்கு மேல் சட்டம் கிடையாது. தாயை முதலில் சுட்டால் குட்டியை மந்தை சேர்க்காது, விரட்டிவிடும், குளிரில் தனியாய்க் கிடந்து சாகும். சுடுவதானாலும் முகத்துக்கு நேரே நிற்பதைச் சுடக் கூடாது, பக்கவாட்டில் திரும்பி விலாவைக் காட்டும்வரை பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் கறிக்கடைக்குப் போகட்டும் என்பார் வாத்தியார். ஆனால் நேற்று குட்டி தாயின் மறைவை விட்டு வரவே இல்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பனிமூட்டம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு போவதா என்ற எரிச்சலில் விரல் முந்திக்கொண்டது. தாய் முதுகைக் கூனிக்கொண்டு தள்ளாடி மரங்களுக்குள் போயிற்று. முதுகு கூனினால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். சீக்கிரம் சாகாது. ராத்திரி முழுக்கக் கிடந்து துடிக்கும்.

குட்டி அங்கேயே நின்று கத்தியது.

மான் நின்ற இடத்தில் கிளை நட்டு, மோப்ப நாய் வைத்திருக்கும் புர்கியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால், குட்டியை வைத்துக்கொண்டு தாயைச் சுட்டவர் வாத்தியார் என்பது விடிவதற்குள் ஊருக்கே தெரியும். காறித் துப்புவார்கள். ஆகவே அவர் பரணிலிருந்து இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி வேறு வழியாக வீட்டுக்கு வந்து, கஞ்சியும் குடித்துவிட்டுப் படுத்தார். தூங்கவும் செய்தார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தொலைபேசி அடித்தது. புர்கிதான்.

"என்னய்யா வாத்தியாரே, நேத்து ஏதும் சுட்டியா?"

"இல்லையே."

"ஒரே ஒரு வெடி கேட்டுச்சு. உன் பரண் பக்கம்."

"மரத்துல கிளை ஒடிஞ்சிருக்கும்."

"ஒடிஞ்ச கிளை, அப்புறம் பொத்துன்னு சதையில பட்ட சத்தமும் போடுமா? என் காதுக்கு இன்னும் வயசாகல. நான் இப்ப அங்கதான் என் நாய் அஸ்தாவோட நிக்கிறேன். ரத்தம் இருக்கு. கூடவே அரைச்ச புல்லும் இருக்கு. வயித்துல பட்டிருக்கு, பாவம். எந்தக் கட்டையில போறவன் இத விட்டுட்டுப் போனான்னு தெரியல."

லாம்பெர்ட் சூப்பைக் கிளறினார். "எனக்கு எப்படித் தெரியும்? ஆமா, நீ ஏன் என் வாசல்ல கிளை போட்டு விளையாடுற?"

"என்ன கிளை?"

"நுனியை உள்ள வச்சு."

"நான் காலையிலிருந்து மலைமேல இருக்கேன்யா. உன் வீட்டுப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்கல. யார் போட்டா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே அந்தி கரைந்து, தோட்டத்து வேலியும் விறகு அடுக்கும் அதற்கப்பால் காட்டின் ஓரமும் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டில் போயின. சமையலறைச் சூட்டில், ஈரலும் வெங்காயமும் மணந்துகொண்டிருந்த காற்றில், அவர் நன்றாக அறிந்த இன்னொரு வாசனை எங்கிருந்தோ ஊறிவந்து கலந்தது. புளித்த புல். வெதுவெதுப்பான, கிழிந்த குடலின் நாற்றம். பானையைத் திறந்து பார்த்தார். சூப் நன்றாகத்தான் இருந்தது. கையை முகர்ந்தார், சட்டையை முகர்ந்தார். கூடத்துக்குப் போனபோது நாற்றம் கூடியது. விளக்கைப் போட்டார்.

கூடத்தின் நடுவில், கம்பளத்தின் மேல், அடுத்த கிளை கிடந்தது.

நுனி மாடிப்படியைப் பார்த்திருந்தது. மாடியில் ஒரே அறைதான், அது ஸென்ஸியின் அறை. இன்று காலையில் அவரே புது விரிப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

கதவுகளை எல்லாம் தாழிட்டார். துப்பாக்கி அலமாரியைத் திறந்து, குண்டு போட்டார். மாடிப்படி ஏறிப் பார்க்கவும் போனார். அறை காலி. கட்டில் விரிப்பின் நடுவில் மட்டும் யாரோ சுருண்டு படுத்து எழுந்த மாதிரி ஒரு பள்ளம். கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. அடிபட்ட மான் கிடந்து எழுந்துபோன இடத்தை இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பார்கள்.

வெளியே, காட்டோரத்தில், குட்டி கத்தியது. மெல்லிய, மூக்கால் அழுகிற குரல். அம்மாவைக் கேட்கிற குரல்.

அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஆனால் நாற்பது வருஷமாக இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷனுக்கு இருட்டு தன்னைப் பார்ப்பது தெரியாமல் போகுமா? அது நெருங்கவில்லை. விலகவுமில்லை. அவசரப்படவில்லை. சரியான வேட்டைக்காரர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றது.

தொலைபேசி மறுபடி அடித்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றாள் புர்கி. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை. "ஓடை ஓரத்துல கிடக்கு. செத்து ரொம்ப நேரம் ஆகல. ராவெல்லாம் மண்ணப் பறிச்சிருக்கு, லாம்பெர்ட். சுத்தி எங்க பாத்தாலும் காலால பறிச்ச குழி."

லாம்பெர்ட் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நீதான் சுட்டன்னு எனக்குத் தெரியும். அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. கூடக் குட்டி இருந்துச்சா?"

"எதுக்குக் கேக்குற?"

"மடியில பால் இருக்குய்யா! அஸ்தா வேற ஒரு மாதிரி இருக்கா. இங்கருந்து இன்னொரு தடம் கிளம்புது, நேரா உன் வீட்டுப் பக்கம். குட்டித் தடமான்னு பாத்தா அவ்வளவு சின்னதா இல்ல. அஸ்தா வாலை ஒடுக்கிக்கிட்டு நகர மாட்டேங்குறா, இத்தன வருஷத்துல இப்படிப் பண்ணுனதே இல்ல. குட்டி இருந்துச்சுன்னா சொல்லு, அவளைத் தூக்கிக்கிட்டாவது இப்பவே உன் வீட்டு வழியா இறங்கித் தேடுறேன். இல்லன்னா மேல் வழியா வீட்டுக்குப் போறேன்."

சொல்லிவிட்டிருக்கலாம். இருந்துச்சு புர்கி, வா, எனக்குப் பயமா இருக்கு என்று நாலு வார்த்தை. வாசலில் துப்பாக்கியோடு இன்னொரு ஆள், குரைக்க ஒரு நாய். ஆனால் நாளைக்குப் பரீட்சை அறையில் தன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. வெட்கங்கெட்ட நாற்காலி!

"இல்ல," என்றார். "குட்டி இல்ல. தனியாத்தான் வந்துச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரி, நான் மேல போறேன்," என்றாள் புர்கி. "கடவுள் உன்னை மன்னிக்கட்டும். நான் மன்னிக்க மாட்டேன்."

வீடு அமைதியானது. சூப் கொதிப்பது மட்டும் கேட்டது. அவர் கூடத்துக்கு வந்து, கம்பளத்தில் கிடந்த கிளையை மறுபடி பார்த்தார். பெண். அடிபட்டது, இந்த வீட்டுக்குள், இந்த மாடிக்கு. நேற்றைய மானைச் சொல்கிறது என்றே இவ்வளவு நேரமும் படித்திருந்தார். நேற்றைய மான் ஓடையோரத்தில் செத்துக் கிடக்கிறது. அது இந்தப் பக்கம் வரவே இல்லை. இந்த வீட்டுக்கு வந்து, இந்த மாடி ஏறி, அந்தக் கட்டிலில் சுருண்டு படுக்கிற பெண் வேறு யார்?

வெளியே நிற்பது ஏன் இன்னும் தன்னை ஒன்றும் செய்யவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அது முறை தெரிந்தது. அவரைவிட நன்றாகத் தெரிந்தது.

முதலில் குட்டி.

"ஐயோ!"

ஸென்ஸிக்குப் போன் போட்டார். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அடிக்கும் சத்தம் போனுக்குள் மட்டும் இல்லை. வெளியேயும் கேட்டது. முற்றத்தில்.

கார் வந்துவிட்டிருந்தது. முன்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவள் கையில் பையும் போனுமாக, குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, பனியில் விறுவிறுவென்று நடந்து வந்துகொண்டிருந்தாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு எட்டு. அவ்வளவுதான். வந்துவிடுவாள்.

தாழை நீக்கினார். கதவைத் திறந்தார். காட்டோரத்தில் குட்டியின் குரல் நின்றுபோயிருந்தது. நெஞ்சு வெடிக்கக் கத்தினார்.

"ஸென்ஸி!"

அவள் நின்றாள்.

நடக்கிற மானைச் சுடாதே, ஒரு சத்தம் கொடு, நிற்கும், திரும்பிப் பார்க்கும், அப்போது சுடு. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்!

"என்னப்பா? ஏன் இப்படிக் கத்துற?" அவள் திரும்பினாள். முன்விளக்கின் வெளிச்சத்தில், காட்டுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு.

வெடிச் சத்தம் இல்லை. பொத்தென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

ஸென்ஸி நாலெட்டு ஓடினாள். நெஞ்சில் சரியாகப் பட்ட மான்கள் அப்படித்தான் ஓடும். இடது பக்கம், விறகு அடுக்கின் ஓரமாய், விழுந்தாள். துடிக்கவில்லை. பரீட்சை வைப்பவர் எந்தக் குறையும் சொல்ல முடியாத வேலை.

லாம்பெர்ட் முற்றத்துக்கு ஓடினார். பாதியில் கால் நின்றுவிட்டது. காட்டிலிருந்து அது இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரங்களுக்கு நடுவே, மரங்களைவிட உயரமாய், இருட்டைவிடக் கறுப்பாய். புளித்த புல்லின் நாற்றம். துப்பாக்கி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அவர் அதற்கு நேரே முகம் காட்டி நின்றார். நெஞ்சு, முகம், இரண்டு கண்ணும் அதற்கு நேரே. அப்படி நிற்கும்வரை அது சுடாது. முறை தெரிந்தது. காத்திருக்கும்.

விடியும்வரை நின்றால் போதும். திரும்பாமல் இருந்தால் போதும்.

இடது பக்கம், விறகு அடுக்கின் ஓரத்திலிருந்து, மெல்ல ஒரு குரல்.

"அப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் குரல். அவள் குரல்தான். மூக்கால் அழுகிற மாதிரி.

"அப்பா, குளிருதுப்பா. இங்க பாரேன்."

காட்டோரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"அப்பா."

முதலில் அவர் கழுத்து திரும்பியது. அப்புறம் தோள்.