உருளைக்கு ஏற்ற வீடு

மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் மழையில் சரியாக மாட்டுவார்கள். பல் டாக்டரும் அப்படித்தான் மாட்டினான். மூடிக் கிடந்த ஒரு கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடி இல்லாத கண்ணுக்கு, தெருவில் வெள்ளையாக ஏதோ உருண்டு வருவது போலத் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால்... நாய். அதற்குள் அது அவன் கால்களுக்கு நடுவில் புகுந்து, அவனைச் சுவரோடு சாய்த்து, அவன் ஷூவின் மேல் சொகுசாக உட்கார்ந்தும் விட்டது.

நெற்றி என்று ஒன்றே இல்லாத நீளமான முகம். உருளைக்கிழங்குக்குக் கண் வைத்த மாதிரி ஒரு தலை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. தொழில் பழக்கம், அவன் முதலில் பல்லைத்தான் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"பயப்படாதீங்க... ஒண்ணும் பண்ண மாட்டான்!"

கத்திக்கொண்டே ஒருத்தி ஓடி வந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். இமையில் தங்கிய மழைத்துளியைத் துடைக்க நேரமில்லாமல் இரண்டு முறை கண்ணைச் சிமிட்ட, அது கன்னத்தில் இறங்கியது. பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்தாலும் முழுசாகப் பார்க்கிற கண்கள்... இப்போதைக்கு அவை நாயைத்தான் பார்த்தன.

"நாய் வளக்கிற எல்லாருமே இதைத்தாங்க சொல்றீங்க. கடிச்சதுக்கு அப்புறம், இதுவரைக்கும் கடிச்சதே இல்லைம்பீங்க," என்றான் அவன், சுவரோடு சுவராக.

"இவனுக்குக் கடிக்கல்லாம் ஏதுங்க நேரம்? யார் மடி காலியா இருக்குன்னு பாக்கவே பொழுது சரியா இருக்கு."

"இது... இந்த புல் டெரியர்... சண்டைக்குன்னே வளக்கிற ஜாதிதானே?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் பையில் ஒட்டியிருந்த பல் படத்தையும் பார்த்தாள்.

"ஒரு காலத்துல வளத்தாங்க. அதே காலத்துல மரத்துப்போற ஊசி போடாமத்தான் பல்லைப் பிடுங்கினாங்க. நீங்க இன்னும் அப்படித்தான் பிடுங்கறீங்களா டாக்டர்?"

மழை பெய்தது. நாய் காலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளும் கூரைக்குள் வந்து நின்றாள். நிற்க வேறு இடமில்லை.

பேச்சு தானாக வந்தது. அவள் நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். வளர்க்க முடியாமல் ஜனங்கள் திருப்பிக் கொடுக்கிற நாய்களைக் கொஞ்ச நாள் தன்னிடம் வைத்திருந்து வேறு வீடு தேடிக் கொடுப்பதும் உண்டு. இவன் பெயர் உருளை. மூன்று வீடுகள் ஆசையாக வாங்கிப்போய், மூன்றுமே திருப்பிக் கொண்டுவந்து விட்டன. முகம் விநோதமாக இருக்கிறதே என்று வாங்கினார்கள்... அது சோபாவைத் தின்னும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இப்போது அவளுடைய வீட்டுச் சொந்தக்காரரும் இந்த மாதத்தோடு நாயை வெளியேற்றச் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள வீடு கிடைக்கலைன்னா?"

"காப்பகம்தான். கூண்டுல தனியா." அவள் குரல் இறங்கியது. "இந்த ஜாதிக்கு எது வேணா ஆகும்ங்க, தனிமை மட்டும் ஆகாது. நாலாவதா ஒரு வீடு திருப்பி அனுப்பிச்சா இவன் தாங்க மாட்டான்."

சொல்லிவிட்டு மழையைப் பார்த்தாள். ஈர முடி கழுத்தில் ஒட்டியிருந்தது. மழை விட்டால் இவள் போய்விடுவாளே என்று அவனுக்குத் தோன்றியது... தோன்றியதும் பகீரென்றது.

"எனக்குத் தருவீங்களா?"

கேட்டது வாய்தான். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெருமுனையில் நாய் நின்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவன் அவன்.

* * *

வீட்டைப் பார்க்காமல் அவள் நாயைக் கொடுப்பதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உருளையோடு வந்தாள். கீழே கிளினிக், மேலே வீடு. வீட்டில் அவன், அவன் அக்கா, அக்காவின் மகள். வெளியூரில் வேலை பார்க்கும் அத்தான் மாதம் ஒரு முறை வந்து போவார். எட்டு வயது மகள் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவாள் என்பதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

வீட்டைப் பார்க்க வந்தவளின் சோதனை விசித்திரமானது. எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னாள். யாரும் நாயைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. உருளை ஒவ்வொருவரையும் மோந்து பார்த்து முடிக்கிற நேரத்தில், சமையலறையிலிருந்து ஒரு பாத்திர மூடியை எடுத்துத் தரையில் போட்டாள். வக்கீல் சிரித்தாள். அக்கா, "ஐயோ, அது நெளிஞ்சிருக்குமே," என்றாள். உருளை போய் மூடியை நக்கிப் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டவன் பல் டாக்டர் ஒருவன்தான்.

"குழந்தைங்க விஷயத்துல முரட்டுத்தனமா நடந்துக்குமாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"கெட்ட புத்தி கிடையாதுக்கா. ஆனா பலம் ஜாஸ்தி, பிடிவாதம் அதைவிட ஜாஸ்தி. விளையாட்டு மும்முரத்துல இடிச்சுத் தள்ளிடுவான். பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும். தினம் நல்லா நடக்க விடணும். அடிச்சீங்கன்னா கெட்டுப்போவான், செல்லம் குடுத்து விட்டுட்டாலும் கெட்டுப்போவான்."

"எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு அப்படித்தான் வளருது," என்றாள் அக்கா. வக்கீல் ஆட்சேபித்தாள்.

கடைசியாக அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எதுக்கு டாக்டர் நாய்?"

"காவலுக்கு."

"காவலுக்கா? திருடன் வந்தா இவனே டார்ச் அடிச்சு வழி காட்டுவான்."

"அப்போ... பாசத்துக்கு."

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தான். ஆனால் அவள் நாயின் கழுத்து வாரை அவன் கையில் கொடுத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பேன், சரியில்லை என்றால் கூட்டிப்போய்விடுவேன் என்றாள்.

வந்து பார்ப்பாள்! அவனுக்கு அது போதும்.

* * *

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டியேடா," என்றாள் அக்கா, அன்று இரவே. தம்பி நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காலைத் தரையில் வைக்கத் தைரியமில்லை.

முதல் வாரம் இரண்டு செருப்பு, ஒரு ரிமோட். இரண்டாவது வாரம் சோபாவின் ஒரு கை. மாலையானால் உருளைக்குத் திடீரென்று வெறி வரும்... வாலை மடக்கிக்கொண்டு கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பத்துத் தடவை ஓடும், வழியில் இருக்கிற மனிதர்களையும் பொருட்களையும் ஒன்றாகவே நினைக்கும். நடக்கக் கூட்டிப்போனால் நடுரோட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஹாரன் அடித்தால் காருக்குள் இருப்பவரைப் பார்த்து வாலாட்டும்.

அவள் வந்தாள், அவ்வப்போது. வந்து நாயின் காதைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், வக்கீலுக்கு நாயை உட்கார வைக்கக் கற்றுக்கொடுத்தாள். போகும்போது வாசலில் நின்று அவனோடு நாலு வார்த்தை பேசினாள். அந்த நாலு வார்த்தைக்காக அவன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற நாட்களைக் கடத்தினான்.

ஒரு நாள் அக்கா வக்கீலின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். கிளினிக்கில் கூட்டம். மதியம் அவன் மாடிக்கு வந்தபோது, கூடத்தின் நடுவில் உருளை தன் வாலைத் துரத்திச் சுற்றிக்கொண்டிருந்தது. விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் சுற்றல் நிற்கவில்லை. கூப்பிட்டான், காதில் விழவில்லை. தரையில் நகம் கீறிய கோடுகள் வட்டமாக இருந்தன. எவ்வளவு நேரமாகச் சுற்றுகிறதோ... தனியாக விட்டால் இந்த ஜாதிக்கு இப்படி ஆகும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்தான். அந்தச் சுற்றலுக்கு நடுவில் கையை விட்டு நாயைப் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டான். உருளையின் இதயம் தறிகெட்டு அடித்தது. மெல்ல மெல்ல அடங்கியது. நீள முகத்தை அவன் தோளில் வைத்துப் பெருமூச்சு விட்டது. பற்கள் அவன் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அது அவனுக்கு உறைக்கவே இல்லை. அழுகை வந்தது. அழுதான்.

மறுநாளிலிருந்து கிளினிக்கின் பின் அறையில் உருளைக்கு ஒரு மெத்தை. பல் பிடுங்க வந்தவர்கள் குறட்டைச் சத்தம் கேட்டுப் பயந்தார்கள். அவன் கதவைத் திறந்து காட்டினான். பாதிப் பேர் நாயைக் கொஞ்சிவிட்டு வலியை மறந்தார்கள். மீதிப் பேர் வேறு டாக்டரைத் தேடிக்கொண்டார்கள்.

* * *

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம். அக்காவை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. அடுத்த முறை நாயைப் பார்க்க அவள் வந்தபோது அவன் கீழே ஒரு பல்லோடு போராடிக்கொண்டிருந்தான். அக்கா நல்ல எண்ணத்தில்தான் பேசினாள்.

"உனக்குத் தெரியாததா என்னம்மா... நாய்னா இவனுக்குச் சின்ன வயசிலேர்ந்து குலை நடுக்கம். உன்னைத் திரும்பப் பாக்கணும்னுதான் கேட்டிருக்கான், பைத்தியக்காரன். சரி, நல்லதுதான். உன் வீட்ல எப்போ வந்து பேசலாம்?"

அவள் எழுந்தாள். ஆணியில் மாட்டியிருந்த வாரை எடுத்தாள்.

வக்கீல் படிகளில் தாவி இறங்கி வந்து கிளினிக்கில் தகவல் சொன்னாள். "மாமா! உருளையைக் கூட்டிட்டுப் போகப்போறாங்க! நீங்க பொய் சொன்னீங்களாம்!"

நாற்காலியில் இருந்தவருக்கு அப்போதுதான் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தது. "ரெண்டே நிமிஷம் சார்," என்று சொல்லிவிட்டு, கையுறையோடும் முகமூடியோடும் அவன் ஓடினான். படிக்கட்டின் நடுவிலேயே அவள் எதிரே வந்தாள்.

"என்னைப் பாக்கிறதுக்கு ஒரு நாய் வேணுமா உங்களுக்கு?" அந்தக் கண்கள் இப்போது அவனைத்தான் பார்த்தன, முழுசாக. "மூஞ்சி விநோதமா இருக்குன்னு வாங்கினாங்களே, அவங்களே தேவலை. அவங்களாவது இவனோட மூஞ்சியைப் பாத்து வாங்கினாங்க! வழி விடுங்க. உருளை எங்க?"

அவன் முகமூடியை இறக்கினான். வியர்த்திருந்தான்.

"பொய்தாங்க. நாய் வேணும்னு கேட்டது பொய். உங்களுக்காகத்தான் கேட்டேன். அன்னைக்கு மழை விட்டுடுமோன்னு பயமா இருந்தது, கேட்டுட்டேன். திட்டுங்க. இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க, சரி." மூச்சு வாங்கினான். "ஆனா நாயைத் தர மாட்டேன்."

"என்னது?"

"தர மாட்டேங்க. நாலாவதா ஒரு வீடு இவனை வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னு ஆகக் கூடாது. போலீசுக்குப் போனாலும் சரி... உங்களை விட்டுடறேன். இவனை விட முடியாது."

மேலே அக்கா வாயில் கை வைத்து நின்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. ஆனாலும் அவன் வழி விடவில்லை.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"நான் கோபப்பட்டது உங்க மேல மட்டும் இல்ல," என்றாள், தரையைப் பார்த்து. "பாத்திர மூடியைப் போட்டப்போ நாய் பயப்படல, நீங்க பயந்தீங்க. கண்ணை மூடிக்கிட்டீங்க. நான் பாக்கலைன்னா நினைச்சீங்க? அந்த மாதிரி வீட்டுக்கு நான் நாய் குடுத்ததே கிடையாது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்..."

"அப்போ ஏன் குடுத்தீங்க?"

"குடுத்தாத்தானே வந்து பாக்கலாம்."

அவள் முகம் காது வரை சிவந்தது. நிமிரவில்லை.

"அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. என் ஆசைக்கு ஒரு நாயைப் பணயம் வெச்சுட்டேனேன்னு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது தப்பு நடந்திருக்குமோன்னு பயந்துக்கிட்டுத்தான் வருவேன். உங்க அக்கா சொன்னதும் அந்தப் பயமெல்லாம் கோபமா வந்துடுச்சு."

அவனும் அதே படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது இருவர் முகங்களும் ஒரே உயரத்தில் இருந்தன. கையுறையைக் கழற்றினான், அது பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள்... கண்ணில் தண்ணீரோடு.

"டாக்டழ்ழ்..." என்று கீழேயிருந்து மரத்துப்போன வாய் ஒன்று கூப்பிட்டது.

"வரேன் சார்!" என்றான். எழுந்திருக்கவில்லை.

"போங்க, ஊசி வேகம் போயிடப்போகுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வீடு இவனுக்குச் சரியான வீடுதான். இனிமே நான் வந்து பாக்க வேண்டிய அவசியமில்ல."

"அவசியமில்லாமலே வாங்களேன்."

"எதுக்கு?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதுக்கு."

அவள் வாரை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கும்தான்," என்றாள். "நாளைக்கு வரேன்."