தொண்ணூறு நாள் தொடாத பதிவு

காலை ஏழு மணி, அலையகம் குடியிருப்பில் புகார் நேரம். மூன்றாம் மாடியில் சகாயராணி வாசலில் நின்று, தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கைபேசியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுறார். போன தடவையும் இதுதான். எழுதிக்கோ."

உள்ளேயிருந்து, "ரொம்ப தேங்க்ஸ் ராணி," என்று குரல் வந்தது.

எதிர்வீட்டு இளவெயினி கதவைச் சாத்திவிட்டு, தலையைக் குனிந்தபடி லிஃப்டுக்கு நடந்தாள். மூன்று வருடமாக அவள் இப்படித்தான் நடக்கிறாள். லிஃப்டின் கதவு மூடியதும் கைபேசியில் செய்தி வந்தது. "உங்கள் மூலப்பதிவைத் தொட்டு எண்பத்தொன்பது நாள் ஆகிறது. நாளை மாலை ஆறு மணிக்கு அது குளிர்கிடங்குக்கு மாற்றப்படும். நன்றி."

அந்த நன்றியை எழுதியதும் அவள்தான்.

முன்பெல்லாம் நகரப் பதிவகத்தின் தரவுத்தளத்தைப் பராமரிக்க ஒரு மாடி நிறைய ஆட்கள் இருந்தார்கள். இடம் நிரம்புகிறதா, நகல் எடுத்தாயிற்றா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒரே ஆள், இளவெயினி. என்ன நடக்கவேண்டும் என்று நல்ல தமிழில் ஒரு வாக்கியம் எழுதினால் போதும். அதற்குப் பெயர் கொள்கை. எப்படி நடத்துவது என்பது கொள்கைப்பொறி என்ற கணினியின் பாடு.

அவள் எழுதிய முதல் கொள்கை, "தொண்ணூறு நாள் யாரும் தொடாத பதிவைக் குளிர்கிடங்குக்கு அனுப்புக" என்பது. மூடிப்போன கடைகளின் பழைய ரசீதுகளை மனத்தில் வைத்து எழுதினாள். ரசீது என்று எழுத மறந்துவிட்டாள். மனிதர்களும் பதிவுகள்தானே என்று பொறி எடுத்துக்கொண்டது. வீட்டுக் கதவும் பேருந்தும் உணவகமும் ஆளின் நகல் பதிவைத்தான் பார்க்கும். மூலம் குளிர்கிடங்கில் உறங்கினால் நகல்கள் அழியும், எந்தக் கதவும் திறக்காது. எழுப்ப நாற்பது நாள் ஆகும். போன வருடம் ஒரு விலங்கியல் பேராசிரியர் அந்த நாற்பது நாளையும் ரயில் நிலையத்தில் கழித்தார்.

கொள்கையை மாற்றலாமே என்றார்கள். மாற்றத்துக்கு ஒரு வருடச் சோதனை வேண்டும் என்பது இரண்டாவது கொள்கை. மக்கள் தங்கள் பதிவைத் தாங்களே தொட்டுக்கொண்டார்கள். அது செல்லாது என்று மூன்றாவதை எழுதினாள். சும்மா ஒருவரையொருவர் தேடிப் பார்த்தார்கள். வேலைக்காகத் திறந்தால்தான் கணக்கு என்று நான்காவது. புகார் என்பது வேலை. அன்றிலிருந்து நகரமே ஒருவர் மேல் ஒருவர் அன்பாகப் புகார் கொடுத்து வாழ்கிறது. கேட்டு வாங்கும் புகார் செல்லாது என்பது ஐந்தாவது. அதற்காக அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவள் பதிவைக் கடைசியாகத் திறந்தது அந்தக் கேடயத்துக்காகத்தான்.

அலுவலகத்தில் பொறியிடம் மெல்லக் கேட்டாள். "எனக்கு மட்டும் ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா?"

"கொள்கை எழுதியவர் தனக்கு விலக்குக் கேட்கக்கூடாது. இது ஆறாவது. எழுதியவர் நீங்கள்," என்றது பொறி. "மிகத் தெளிவான வாக்கியம்."

கேட்டு வாங்க முடியாது. ஆகவே யாருக்காவது கோபம் வரும்படி ஒரு தப்பு செய்யவேண்டும். இளவெயினிக்கு அதில் பழக்கமில்லை. பக்கத்து மேசைத் தமீமிடம் பிழைகளோடு ஓர் அறிக்கையைக் கொடுத்தாள். அவன் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு வந்தான்.

"உடம்பு சரியில்லையா மேடம்? இஞ்சி டீ சொல்லட்டா?"

"நாலு பிழை இருந்துதே தமீம். கோபம் வரலையா?"

"உங்க மேலயா?" என்று அவன் சிரித்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் குடியிருப்பின் வாயிலை மறித்து ஸ்கூட்டரை நிறுத்தினாள். மறுநாள் காலை இறங்கிப் பார்த்தால், யாரோ அதைத் தூக்கி நிழலில் வைத்து, இருக்கையையும் துடைத்திருந்தார்கள்.

அவள் மறுபடி மேலே ஏறி ஒரு பையில் நாலு உடுப்பும் பல்துலக்கியும் எடுத்துவைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது சகாயராணி வாசலில் நின்றாள்.

"ஊருக்காம்மா?"

"இல்லக்கா."

சகாயராணி பையைப் பார்த்தாள். கீழே நிழலில் நின்ற ஸ்கூட்டரை எட்டிப் பார்த்தாள். "சரி, போயிட்டு வா," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இளவெயினியாலும் சொல்ல முடியாது; சொன்னால் கேட்டு வாங்கியதாகிவிடும்.

மாலை ஐந்தே முக்காலுக்கு அவள் அலுவலக மேசையில் உட்கார்ந்து, ரயில் நிலையத்தின் பெஞ்சு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது பொறி பேசியது.

"உங்கள் மேல் ஒரு புகார். வாசிக்கட்டுமா?"

"வாசி."

"'எதிர்வீட்டுப் பொண்ணு இளவெயினி, வந்து மூணு வருஷம் ஆகுது. ஒரு கறிவேப்பிலைக்குக்கூட எங்க வீட்டுக் கதவைத் தட்டினதில்ல. நாங்க என்ன கொடுக்காத ஆளுங்களா? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? இதனால எங்களுக்கு மன உளைச்சல். சகாயராணி ஆரோக்கியம்.'"

இளவெயினி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது கேட்டு வாங்கியதா?" என்றது பொறி.

"இல்ல."

"குற்றச்சாட்டு உண்மையா? பொய்யென்றால் புகார் செல்லாது."

"உண்மைதான்," என்றாள்.

"மூலப்பதிவு திறக்கப்பட்டது. பரிகாரம்: இன்றிரவு எட்டு மணிக்குள் புகார்தாரரிடம் ஏதேனும் ஒரு பொருளை இரவல் வாங்கவும்."

ஏழரை மணிக்கு அவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். வழியெல்லாம் யோசித்தும் என்ன கேட்பது என்று தோன்றவில்லை. அவளிடம் சர்க்கரை, காப்பித்தூள், கறிவேப்பிலை எல்லாம் இருந்தன. சகாயராணி கதவைத் திறந்தாள். ஆரோக்கியம் உள்ளே ஈரத் துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேணும்?"

இளவெயினியின் கண்ணில் பட்டது சுவரோரம் சாய்ந்திருந்த ஏணி. "ஏணி," என்றாள்.

"ஏணியா? எதுக்கு?"

"தெரியலக்கா."

சகாயராணி உள்ளே திரும்பி, "ஏங்க, ஒரு முனையப் பிடிங்க. பொண்ணு தனியாத் தூக்குமா?" என்றாள். மூவருமாக ஏணியை இளவெயினியின் வீட்டுக்குள் திருப்பி நுழைத்தபோது அவள் சுவரில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. ஆரோக்கியம் அதைத் தடவிப் பார்த்து, "இதுக்கு எங்க மேல ஒண்ணு எழுதிடும்மா," என்றார்.

"ஏணிய எப்ப திருப்பிக் கொடுக்கட்டும் அக்கா?"

"கொடுக்காத," என்றாள் சகாயராணி. "கொடுத்துட்டா அடுத்த தடவை நான் எதைச் சொல்லிப் புகார் கொடுப்பேன்?"