காரைப் பார்த்து நின்ற முக்காலி

முக்காலி மறுபடியும் காரைப் பார்த்து நின்றது.

நேற்று ஷெட்டைப் பூட்டுமுன் அன்னெலி அதைக் காலாலேயே தள்ளி, வேலை மேசைக்கு அடியில் சொருகிவிட்டுத்தான் போயிருந்தாள். பால் கறக்க உட்காருகிற பழைய மர முக்காலி. அரைவட்டப் பலகை, முதுகுப் பக்கம் மட்டும் நேராக வெட்டியது. எந்தப் பக்கம் முகம் வைத்து உட்கார வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. இப்போது அது காரின் இடப்பக்கம், கதவிலிருந்து கொஞ்சம் தள்ளி, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி நின்றது. போன வாரமும் இதே இடம்தான். சிமெண்டுத் தரையில் மூன்று கால்களுக்கும் மூன்று சின்னப் பள்ளங்கள்கூட விழுந்திருந்தன.

"புத்தி பேதலிச்சுப் போச்சு உனக்கு" என்று தன்னையே வைதுகொண்டு அன்னெலி விளக்கைப் போட்டாள். சாயங்காலம்கூட ஆகவில்லை, ஆனால் நவம்பர் மாதத்து வேனர்ன் ஏரிக்கரையில் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் இருட்டிவிடும். கூரையில் மழையும் பனியும் கலந்து சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பழைய எண்ணெயும் ஈரக் கம்பளியும் எலிப்புழுக்கையும் கலந்த வாசனை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. என்னவென்று பிடிபடாத, ஆனால் நன்றாகப் பழகிய ஒரு வாசனை.

சக்கரங்களைக் கழற்றி, ஜாக்கியிலும் இரும்புத் தாங்கிகளிலும் தூக்கி நிறுத்தியிருந்த அந்தக் கார் அவளுடைய அண்ணன் தோர்கெலுடையது. கருஞ்சிவப்பு நிறம், டர்போ வைத்த பழைய வண்டி. அந்தக் காலத்தில் ஊரில் வேறு யாரிடமும் டர்போ கிடையாது என்று அவன் அடித்த தம்பட்டத்துக்கு அளவே இல்லை. ஓட்டிவிட்டு வந்தால் உடனே சாவியைத் திருப்ப மாட்டான். உதட்டுக்குள் ஸ்னூஸ் புகையிலைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு, "இவ மூச்சு வாங்கி முடிக்கட்டும்" என்று இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுக் காத்திருப்பான். கடைசியில் அணைத்த பிறகும் டர்போவின் சக்கரம் மெல்லிய விசிலோடு சுற்றி அடங்கும். அந்த விசில் நின்றால்தான் அவன் இறங்குவான்.

இப்படி ஒரு நவம்பரில்தான் அவன் போனான். சாலையில் உப்புத் தூவ ஆரம்பிக்குமுன் எல்லோரும் செய்வதுபோல, வண்டியின் அடிவயிற்றுக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்திருந்தான். ஏதோ விட்டுப்போனதென்று மறுபடி அடியில் நுழைந்தபோது ஜாக்கி சரிந்து, வண்டி அவன்மேல் இறங்கிவிட்டது. மறுநாள் காலை ரூனேதான் பார்த்தான். ரூனே அண்ணனின் நண்பன். முந்தின நாள் முழுக்கப் படகுத்துறையில் வேலை என்றான். அடக்கத்தின்போது அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது இன்னும் அவள் காதில் இருக்கிறது: "வலிச்சிருக்காது அன்னெலி. ஒரு நொடிதான்." அந்த ஒரு வாக்கியத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அவள் இருபது வருஷத்துக்கு மேல் தூங்கினாள். அதைச் சொன்னவனையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

ரூனே அன்றிலிருந்து இந்த ஷெட்டின் வாசலைத் தாண்டியதில்லை. போன வசந்தத்தில் அவள் காரைச் சரிபண்ணப் போகிறேன் என்றபோது வெளியே போய் விறகு பிளந்தான். பிறகு மனசு மாறி உதவினான். இருக்கைகளைச் சமையலறைக்குக் கொண்டுவரச் சொல்லித் தைத்தான். காயலான் கடைகளுக்கெல்லாம் போன் போட்டுப் பாகங்கள் தேடினான். ஒரே ஒரு நிபந்தனைதான். அடியில் மட்டும் அவள் போகக்கூடாது. அது டவுனிலுள்ள பட்டறையின் வேலை. அது பிரியம் என்று அன்னெலி நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்?

"காப்பி!"

வாசலுக்கு வெளியே, மழையில், ரூனே பிளாஸ்கோடு நின்றான். கையில் ஏலக்காய் ரொட்டி.

"உள்ள வாயேன். நனைஞ்சு சாகாத."

"வேணாம். இங்கயே நிக்கிறேன். உனக்குத்தான் தெரியும்ல."

"முக்காலிய நீ எடுத்துப் போட்டியா?"

"எந்த முக்காலி?"

"இதோ. மறுபடி மறுபடி கார் பக்கத்துல வந்து நிக்குது."

"வாசலத் தாண்டாதவன் எப்படி எடுத்துப் போடுவேன்? எலி இழுத்திருக்கும்."

"முக்காலிய இழுக்கிற எலின்னா, வீட்டையும் அதுகிட்டயே குடுத்துட வேண்டியதுதான்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான். பார்வை முக்காலிமேல் ஒரு கணம் நின்று திரும்பியது.

"எப்ப ஓடும்?"

"டர்போவ அடுத்த வாரம் மாட்டிருவேன். பனி உருகுறதுக்குள்ள ஓடிரும். அப்புறம் கோத்தன்பர்க். கொஞ்ச நாள் அங்க இருக்கலாம்னு..."

அந்த நகரத்தில், துறைமுகத்துப் பக்கம் ஒரு அறை பார்த்து வைத்திருப்பதை அவள் சொல்லவில்லை.

"கொஞ்ச நாள்" என்றான் ரூனே. "தோர்கெலும் அப்படித்தான் சொன்னான். உன்னைக் கூட்டிட்டுப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னு."

"எப்ப சொன்னான்?"

"எப்பவோ." கோப்பையை அவளிடம் நீட்டினான். "இடப்பக்கம் வச்சிருக்கற ரெண்டு தாங்கியையும் எடுத்துக் குடு. படகுக்கு அடில வைக்கணும். நாளைக்குத் தந்துர்றேன். ஜாக்கி தாங்கும். நீதான் அடில போறதில்லையே."

எடுத்துக் கொடுத்தாள். அவன் கைக்கொன்றாக இரும்புத் தாங்கிகளைத் தூக்கிக்கொண்டு, மழைக்குள் மங்கி மறைந்தான்.

மேசைமேல் டர்போ கிடந்தது. கழற்றித் துடைத்து, நத்தை ஓடு மாதிரி பளபளவென்று. காற்றே இல்லாத அந்த அறையில், அதற்குள்ளிருந்து விசில் வந்தது.

அன்னெலி கோப்பையைக் கீழே வைத்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாகச் சுற்றிவிட்டு ஓய்கிறதுபோல, அண்ணன் வண்டியை அணைத்ததும் கேட்குமே அதே சன்னமான இழுப்போடு, மெல்ல, மெல்ல அடங்கியது. அவள் கைபட்டிருக்கும், மேசை ஆடியிருக்கும் என்று எத்தனையோ சமாதானம் மனசில் வந்தது. ஒன்றும் ஒட்டவில்லை. விசில் நின்றது. நின்ற அந்த அமைதியில், பின்னால், மரக்கால் சிமெண்டில் உரசுகிற சத்தம்.

திரும்பினாள். முக்காலி நின்ற இடத்திலேயே நின்றது. பலகைதான் கொஞ்சம் திரும்பியிருந்தது. இப்போது அவள் பக்கம்.

உட்காரச் சொல்வதுபோல.

ஓடியிருக்கலாம். ஆனால் அண்ணனின் ஷெட்டிலிருந்து ஓடுவதா என்று ஒரு வீம்பு. போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அந்த இடத்தின் அர்த்தம் புரிந்தது. இங்கிருந்து கதவோ சன்னலோ தெரியவில்லை. கொஞ்சம் குனிந்தால் காரின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, முழுசாக, ஒளிவுமறைவில்லாமல். அடியிலிருந்துதான் அந்த வாசனை வந்தது. இப்போது பெயரும் வந்தது.

கீல். பைன் மரத்துக் கீல். ரூனே ஒவ்வொரு வசந்தத்திலும் படகுக்குப் பூசுகிறது.

காருக்கு யாரும் கீல் பூசமாட்டார்கள். அண்ணன் அடித்தது கடையில் வாங்கின ரப்பர்ப் பூச்சு. அவள்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

தாங்கி இல்லாத வண்டிக்கு அடியில் போகக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. போனாள். கைவிளக்கை இழுத்துக்கொண்டு, மல்லாந்து, முதுகால் ஊர்ந்து. தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் கறுப்பு. விளக்கைக் கிட்டே பிடித்தாள். தூரிகை இழுப்புகள். குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்த மாதிரி. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இப்படிப் பூசுவான். அவள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், "படகுக்கு ஸ்வெட்டர் பின்றியா" என்று கேலி செய்திருக்கிறாள்.

வாசலையே தாண்டாதவன்.

விளக்கின் சூட்டில் கீல் இளகியது. கொப்புளித்தது. விரலால் தொட்டதும் ஒரு பெரிய பட்டை தோலாக உரிந்து அவள் கழுத்தில் விழுந்தது. அடியில் அண்ணனின் பூச்சு இருந்தது. அடித்த அன்று அது பிசுபிசுவென்று இருந்திருக்கும். பதிந்ததையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு இறுகியிருக்கும்.

அதில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது.

இன்னும் உரித்தாள். இன்னொரு கை. அதன்மேல் இன்னொன்று. ஐந்து விரலும் விரிந்து, தகட்டை மேலே தள்ளின கைகள். தள்ளித் தள்ளி வழுக்கின கைகள். நகக் கீறல்கள். கை எட்டுகிற தூரமெல்லாம். ஆரம்பத்தில் ஆழமாக. போகப்போக லேசாக. எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்திருந்தன. இடப்பக்கம். முக்காலி இருக்கிற பக்கம்.

ஒரு நொடி இல்லை.

ஒரு நொடியே இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. எத்தனை இரவு அந்த மனிதனின் தோளில் தலை வைத்து, வலிச்சிருக்காதுல்ல என்று கேட்டிருக்கிறாள். எத்தனை இரவு அவன் அவள் முடியைத் தடவிக்கொண்டே, வலிச்சிருக்காது என்றிருக்கிறான். அந்தக் கைதான் இதன்மேல் கீல் பூசியது. நிதானமாக. குறுக்கும் நெடுக்குமாக.

"காப்பி ஆறுது, அன்னெலி."

குரல் வெளியிலிருந்து வரவில்லை.

தலையைத் திருப்பினாள். காருக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இரண்டு ரப்பர் பூட்ஸ். ஈரம் சொட்டிக்கொண்டு. வாசலுக்கு இந்தப் பக்கம்.

"நீ உள்ள வந்திருக்க."

"ஆமா."

"அண்ணன் உடனே சாகல."

மழை சலசலத்தது.

"இல்ல" என்றான் ரூனே.

"எவ்வளவு நேரம்?"

"இருட்டி, விளக்கு போட்ட பிறகும் பேசிட்டிருந்தான். உன் பேரத்தான் சொன்னான். கடைசில சத்தம் வரல. கைய மட்டும் நீட்டிட்டு இருந்தான்."

"நீ... ஏன்டா..."

"கூட்டிட்டுப் போயிருப்பான் உன்னை." கோபமில்லை, வருத்தமுமில்லை. நாளைக்கும் மழை வரும் என்கிற மாதிரி சொன்னான். "இதே வண்டில. நான் அவனத் தொடக்கூட இல்ல அன்னெலி. ஜாக்கி தானாத்தான் எறங்குச்சு. நான் சும்மா உக்காந்திருந்தேன்."

அவள் புரண்டாள். குதிகாலை ஊன்றி இடப்பக்கமாக உந்தினாள். கோட்டு எங்கோ மாட்டியது.

ஜாக்கியிலிருந்து ஒரு சத்தம். ஸ்ஸ் என்று. மிக மெல்லிசாக.

"ரூனே. கையப் பிடி. ரூனே!"

பூட்ஸ் நகர்ந்தது. அவளை நோக்கி இல்லை. மரக்கால்கள் தரையில் உரசின. மூன்று பள்ளங்களில் மூன்றும் போய்ப் பொருந்தின. பலகை முனகியது.

அவன் உட்கார்ந்தான்.

தோளில் இரும்பு பட்டது. அழுத்தியது. அவள் இரண்டு கையையும் தூக்கித் தகட்டில் ஊன்றினாள். வலது கை அண்ணனின் கைத்தடத்துக்குள் சரியாகப் பொருந்தியது. அந்த இடம் சூடாக இருந்தது. பிசுபிசுத்தது. அடித்து அரை நாள்கூட ஆகாத பூச்சு மாதிரி. உள்ளேயிருந்து ஐந்து விரல்கள் அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன.

மேசைமேல் விசில் மறுபடி ஆரம்பித்தது.

முக்காலியில் இருந்தவன் அசையவில்லை. அவள் கத்தினாள். பூட்ஸ் இரண்டும் கணுக்காலில் ஒன்றன்மேல் ஒன்றாக, சௌகரியமாக, சேர்ந்துகொண்டன. அவள் குடிக்காமல் வைத்த காப்பியை அவன் எடுத்து, ஊதி, ஒரு வாய் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.