குருசம்மாளின் குளிர்

செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகரில் காலை பத்து மணிக்கு அனைத்துக் கட்சி வெப்பக் குழு கூடியது. ஏழு உறுப்பினர்களும் வழக்கம்போலக் கையொப்பமிட்டார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்த பொத்தானை அழுத்திக்கொண்டார்கள். நடுங்கத் தொடங்கினார்கள்.

அதன் பெயர் உடனுணர்வி. கடன்பட்ட ஒரு வீட்டைக் குலுக்கலில் எடுத்து, அங்கே வசிப்பவரின் தோல் உணரும் குளிரை உறுப்பினர்களின் நரம்புகளுக்கு அப்படியே கொண்டுவரும். குளிரை அறியாதவர் குளிரைப் பற்றிச் சட்டம் இயற்றக் கூடாது என்பது, பூமியில் பட்டுத் தெளிந்தவர்கள் எழுதிவைத்த விதி.

அன்று குலுக்கலில் வந்தவர் ஒன்பதாம் வார்டு குருசம்மாள். வயது ஐம்பத்தெட்டு. காற்று வடிகட்டிகளில் படியும் செந்தூசியைக் கழுவும் வேலை. பாதித் தூசி அவருடைய நுரையீரலிலேயே தங்கிவிட்டது. கணவர் படுக்கையில் கிடந்த கடைசி நான்கு மாதங்கள், அறையைச் சூடாக வைத்திருக்க நகரின் பொது அனல்குழாயிலிருந்து கடனாக வெப்பம் எடுத்தார். கணவர் போய்விட்டார். கடன் போகவில்லை. வட்டி ஏற ஏற, வீட்டின் குழாய்வாயைக் கால்பங்காகக் குறுக்கிவிட்டார்கள்.

மேசையில் இருந்த வரைவு ஒரே வரிதான். வீடுகளின் வெப்பக் கடன் தள்ளுபடி. குழாய்வாய்கள் எல்லாம் இன்றே திறக்கப்படும். பதினோரு ஆண்டுகளாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் இதில் ஒத்துப்போயிருந்தன. மீதம் இருந்தது தலைப்பு. எந்தக் கட்சித் தலைவரின் பெயரை அதில் முதலில் போடுவது?

"அகர வரிசைப்படி போட்டுடலாம்," என்றார் குழுத் தலைவி தில்லைக்கரசி.

"உங்க தலைவர் பேரு அகரத்துல தொடங்குது. அதான் உங்களுக்கு இந்த ஞானம்," என்றார் எதிர்க்கட்சியின் யாகூப்.

குருசம்மாளின் வீட்டோடு இணைத்திருந்த சுவர் ஒலிபெருக்கி இருமியது. "தலைவரம்மா, பேரு யாருதா இருந்தா என்னம்மா? குழாயத் தொறந்துவிடுங்க. வெரலு மடங்க மாட்டேங்குது."

"தொறந்துருவோம்மா. நீங்க படுறது எங்களுக்கும் தெரியுதுல்ல?" என்றார் யாகூப், பல் கிட்டிக்க. அவர் பொய் சொல்லவில்லை.

"இந்தக் குளிர்ல எப்படி யோசிக்கிறது?" தில்லைக்கரசி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வீரபாகு, ஹால்ல சூட்ட ஏத்துங்க."

ஒருவரும் மறுக்கவில்லை. அன்று குழு ஏகமனதாக எடுத்த முதல் முடிவு அது.

செயலர் வீரபாகு கூடத்தின் வெப்பத் திருகைத் திருப்பினார். கூடத்துக்கும் ஒன்பதாம் வார்டுக்கும் ஒரே தாய்க்குழாய் என்பது அவருக்குத் தெரியும். இங்கே ஏறினால் அங்கே இறங்கும். ஆனால், கேட்டாலொழியச் செயலர் பேசக் கூடாது. அவர் அதை ஒரு சீட்டில் எழுதித் தலைவியின் முன் வைத்தார். தில்லைக்கரசி படிக்காமலே அதைத் தண்ணீர்க் குவளைக்கு அடியில் செருகினார்.

"கடைசியில, இதரப் பொருள்ல பாத்துக்கலாம்."

பதினொன்றரைக்கு ஒலிபெருக்கி மறுபடி பேசியது. "ஐயா, நீங்க பேசப் பேச இங்க குளிரு கூடுதுய்யா."

"ஆமா, எனக்கும் கூடுது. பாவம்," என்றார் யாகூப். "வீரபாகு, இன்னும் ரெண்டு டிகிரி."

வீரபாகு சீட்டைப் பார்த்தார். பிறகு திருகைத் திருப்பினார். உறுப்பினர்களின் நெற்றியில் வியர்த்தது, பற்கள் தந்தியடித்தன. மறுபடியும் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார்.

பன்னிரண்டு நாற்பதுக்குக் குளிர் நின்றது. ஏழு பேருக்கும் ஒரே நொடியில்.

"அப்பாடா," என்று யாகூப் நாற்காலியில் சாய்ந்தார். "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் தேவல போல."

வீரபாகு ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "குருசம்மா?" என்றார். பத்தொன்பது ஆண்டுகளில் கேட்காமல் அவர் பேசியது அந்த ஒரு சொல்தான். "குருசம்மா?"

ஒருவரும் அவரைக் கண்டிக்கவில்லை. பதிலும் வரவில்லை.

பூமியிலிருந்து கப்பலேறி வந்த வழக்கங்களில் சேதமின்றி வந்து சேர்ந்தது இரண்டு நிமிட மௌனம். ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். யார் முதலில் எழுவது என்ற கேள்வி எழவில்லை. மௌனம் இரண்டு நிமிடம் கடந்தும் நீண்டது. சிலர் உண்மையாகவே அழுதார்கள்.

"அந்தம்மா பேரையே வச்சிருவோம்," என்றார் யாகூப், மெதுவாக.

எதிர்ப்பில்லை. குருசம்மாள் வெப்பக்கடன் நிவாரணச் சட்டம் அரை நிமிடத்தில் நிறைவேறியது.

குளிர் விலகியதும்தான் கூடத்தின் வெக்கை அவர்களுக்கு உறைத்தது. தில்லைக்கரசி முகத்தைத் துடைத்துக்கொண்டார். குவளையை நகர்த்திச் சீட்டை எடுத்துப் படித்தார்.

"வீரபாகு, இந்தச் சூட்டையெல்லாம் ஒன்பதாம் வார்டுக்கே திருப்பி அனுப்பிடுங்க."

கேட்டுவிட்டார்கள். செயலர் இனிப் பேசலாம்.

"கூடத்துக்குள்ள வர்றதுக்குத்தாம்மா குழாய் இருக்கு. திரும்பிப் போறதுக்கு யாரும் போடல."

கூடம் ஆற வேறு வழியில்லாமல் வீரபாகு கூரையின் வெப்பவாயிலைத் திறந்தார். ஒரு வார்டின் சூடு வெண்புகையாய் மேலெழுந்து, செந்நிற வானில் கரைந்தது.